சூடு போன இடம்

அற்புதமேரி மேஸ்திரியின் பட்டறையில் கேள்வி கேட்க யாருக்கும் தடையில்லை. பதில்தான் கிடைக்காது. யாராவது எதையாவது கேட்டால் மேஸ்திரி ஒரு ஸ்பானரைக் கையில் கொடுப்பார், இல்லையென்றால் ஒரு துணியைக் கொடுத்து எதையாவது துடைக்கச் சொல்வார். டிப்ளமோ படித்துவிட்டு வருகிறவர்கள் ஒரு மாதம் தாங்குவார்கள். அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார்கள். நிலைத்தவர் சென்னியப்பன் ஒருவர்தான்.

சென்னியப்பனுக்கு ஐம்பத்து மூன்று வயது. மேஸ்திரிக்கு முப்பத்தொன்பது. இருபத்தெட்டு வருடம் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்துவிட்டு, ஆலையை மூடியதும் கோயமுத்தூரில் பழைய கார்களைப் பிரித்து மாட்டும் இந்தப் பட்டறைக்கு வந்து, "எனக்கும் கத்துக் குடுங்க" என்று நின்றவர் சென்னியப்பன். அவர் அற்புதமேரியை மேஸ்திரி என்பார். அற்புதமேரி அவரை அண்ணா என்பார். இரண்டு வருடமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் தாமோதர் என்பவர் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து விட்டார். இரண்டே பேர் உட்காரும் வண்டி. நாற்பது வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு குளிர்நாட்டில் செய்தது. ஏ.சி. கிடையாது, ஹீட்டர் உண்டு. நம் ஊர் வெயிலில் ஹீட்டர் வண்டி வைத்திருக்கத் தனி மனசு வேண்டும், அது தாமோதருக்கு இருந்தது.

"உள்ள உக்கார முடியறதில்லீங்க. கால் வெந்து போகுது. பக்கத்துல உக்கார்ற எங்க பாப்பாவுக்குத்தான் நெம்பச் சூடு."

அவர் போனதும் சென்னியப்பன் கேட்டார். "இந்தச் சூட்டை எப்படிங்க நிறுத்தறது?"

"செருப்பைக் கழட்டுங்க" என்றார் மேஸ்திரி.

வெறுங்காலோடு அவரை இடது பக்க இருக்கையில் உட்கார வைத்து, திருச்சி ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டினார். திரும்பி வந்தபோது சென்னியப்பனின் பாதம் சிவந்திருந்தது.

"எங்க சூடு?"

"எல்லா எடத்துலயும்தானுங்க."

"நாளைக்கும் உக்காருங்க."

மூன்றாம் நாள்தான் அவருக்குப் பிடி கிடைத்தது. "இடது கால் பெருவிரலுக்கு நேரா, முன்னால இருக்கற தகட்டுலங்க."

"அந்தத் தகட்டுல என்ன இருக்குது?"

"ஹீட்டர் பெட்டி."

"அதுக்குப் பின்னால?"

சென்னியப்பன் யோசிப்பதற்குள் மேஸ்திரியின் போன் அடித்தது. திண்டுக்கல்லில் தங்கைக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. அன்று மாலையே கிளம்பிவிட்டார். வாசலில் நின்று பட்டறைச் சாவியைச் சென்னியப்பனிடம் கொடுத்து ஒன்றே ஒன்று சொன்னார்.

"நான் வர்ற வரைக்கும் சூடு எங்கிருந்து வருதுன்னு மட்டும் பாருங்கண்ணா. நிறுத்த வேண்டாம்."

சென்னியப்பன் பார்த்தார். முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் போகும் வழியில் ஒரு வால்வு. அது பாதி திறந்தபடி துருப்பிடித்து இறுகியிருந்தது. ஹீட்டர் வேண்டாம் என்று மூடி வைத்தாலும் கொதிக்கிற தண்ணீர் பெட்டிக்குள் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இவ்வளவுதானா விஷயம் என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த வேண்டாம் என்று சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் குறை தெரியும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க இருபத்தெட்டு வருடப் பழக்கம் விடவில்லை.

கோயமுத்தூர் வண்டிக்கு ஹீட்டர் எதற்கு? பெட்டியையே கழற்றி எடுத்தார். தண்ணீர் ஹோஸ் இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்தார். பெட்டி இருந்த இடத்தில், இன்ஜினுக்கும் உள்ளுக்கும் நடுவில் இருக்கும் தகட்டில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை மிச்சமானது. அதன்மேல் கனமான ஃபெல்ட் துணி போட்டு, மேலே புதுக் கார்ப்பெட் ஒட்டினார். தாமோதரையே பக்கத்தில் உட்கார வைத்து சூலூர் வரைக்கும் போய் வந்தார். வழியெல்லாம் காற்று பிய்த்துக்கொண்டு போனது. காலில் சூடு என்ற பேச்சே இல்லை.

"கையைக் குடுங்க மேஸ்திரி" என்றார் தாமோதர்.

அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. சென்னியப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வண்டிச் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அற்புதமேரி திண்டுக்கல்லிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தார். தங்கைக்குப் பெண் குழந்தை. மிட்டாய்ப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"சிவப்பு வண்டி எங்க?"

"முடிச்சுக் குடுத்தாச்சுங்க. சூடு சுத்தமாப் போச்சுங்க."

"எங்க போச்சு?"

சென்னியப்பன் சிரித்தார். "போச்சுன்னா... போச்சுதானுங்க."

மேஸ்திரி சிரிக்கவில்லை. மூலையில் பழைய சாமான்களோடு கிடந்த ஹீட்டர் பெட்டியைப் பார்த்துவிட்டார். போய் எடுத்து, இன்ஜின் பக்கம் இருந்த முகத்தைத் திருப்பி, விரலால் ஒரு இழுப்பு இழுத்தார். விரலைச் சென்னியப்பனின் முகத்துக்கு நேராகக் காட்டினார். கரி.

"சுடுதண்ணியில கரி புடிக்குமா அண்ணா?"

தண்ணீரில் கரி பிடிக்காது. புகையில்தான் பிடிக்கும். இன்ஜினும் புகைக்குழாயும் சேரும் இடத்தில் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் போயிருக்கிறது. அங்கிருந்து பீய்ச்சிய புகை மாதக்கணக்கில் இந்தப் பெட்டியின் முதுகில் மோதிக்கொண்டு இருந்திருக்கிறது. வால்வு பாதிச் சூடு என்றால் மீதிச் சூடு அதுதான். இந்தப் பெட்டி அங்கே இருந்த வரைக்கும் சூடுதான் உள்ளே வந்தது. புகை வரவில்லை. அந்தப் புகையில் இருக்கும் விஷவாயு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

"ஓட்டைய என்ன பண்ணுனீங்க?"

"ஃபெல்ட்டு போட்டு மூடுனனுங்க."

"தகடு அடிக்கல?"

"இல்லீங்க."

"கண்ணாடிய ஏத்திட்டு ஓட்டிப் பாத்தீங்களா?"

"நம்மூர்ல யாருங்க ஏ.சி. இல்லாத வண்டியில கண்ணாடிய ஏத்திட்டு..."

பாதியில் நின்றுவிட்டது பேச்சு. சாவி வாங்கும்போது தாமோதர் சொன்னது ஞாபகம் வந்தது. இன்றைக்குக் காலையில் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஊட்டி. பதினொரு மணிக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இன்டர்வியூ. அது கார்த்திகை மாதம். மலையில் குளிரும். வண்டியில் இப்போது ஹீட்டர் கிடையாது. கண்ணாடியை இறுக்கமாக ஏற்றாமல் என்ன செய்வார்கள்?

அதை மேஸ்திரியிடம் சொன்னார்.

மேஸ்திரி தாமோதருக்குப் போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டார். அதே குரல். மேட்டுப்பாளையத்தில் தெரிந்த பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"சிவப்பு வண்டியா? இப்பத்தான் போச்சுங்க. பத்து நிமிசம் இருக்கும். பாப்பா கையாட்டிட்டுப் போச்சு."

கண்ணாடி இறங்கியிருந்ததால்தானே கை வெளியே வந்தது என்று சென்னியப்பன் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். மேட்டுப்பாளையம் வரைக்கும் பயமில்லை. அதற்கு மேலேதான் மலை.

மேஸ்திரி பழைய ஆம்னி வேனை எடுத்தார். சென்னியப்பன் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். அன்றைக்கு அந்த வேன் போன வேகத்தை அது பிறந்த நாளிலிருந்து போயிருக்காது. போகிற வழியெல்லாம் சென்னியப்பன் போன் போட்டுக்கொண்டே வந்தார். நூறு தடவை போட்டிருப்பார். எல்லைக்கு வெளியே, எல்லைக்கு வெளியே.

"ஒண்ணும் ஆகாதுங்களே?" என்று கேட்டார்.

"தெரியாது."

காரமடை தாண்டி மறுபடி கேட்டார். "மேஸ்திரி, அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதுண்ணா. ரயில்வே கேட் எங்கியாச்சும் மூடியிருக்குதான்னு பாத்துட்டு வாங்க."

அவ்வளவுதான். வேறு ஆறுதல் இல்லை. திட்டினாலாவது பரவாயில்லை என்றிருந்தது அவருக்கு. மில்லில் சூப்பர்வைசர் திட்டுவார், அரை மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். இந்த அம்மா திட்டவும் மாட்டேன் என்கிறார்.

கல்லாறு தாண்டி மலை ஏற ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். திரும்பியதும் சிவப்பாக ஏதாவது பள்ளத்தில் தெரியுமோ என்று பயம். கண்ணை மூடினால் இன்னும் மோசமாக இருந்தது. அந்தப் பாப்பாவை அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். சம்யு என்று பெயர். ஒன்பது வயது இருக்கும். முன்பல் ஒன்று இல்லை.

எட்டாவது வளைவில் மேகம் இறங்கிவிட்டது. குளிர்காற்று சில்லென்று கழுத்தில் அடித்தது. சட்டைக்கு மேலே ஒன்றும் போட்டு வராத சென்னியப்பனுக்கு உடம்பு நடுங்கியது. கை தானாகப் போய்க் கண்ணாடிக் கைப்பிடியைச் சுற்றியது. பாதி ஏறியதும் கை அப்படியே நின்றது.

"மேஸ்திரி" என்றார். "அவங்களும் இப்ப ஏத்தியிருப்பாங்க."

மேஸ்திரி கியரை மாற்றினார். சென்னியப்பன் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, நடுங்கிக்கொண்டே வந்தார்.

குன்னூருக்குக் கொஞ்சம் கீழே, ஒரு தேநீர்க்கடை முன்னால் சிவப்பு வண்டி நின்றது. முதலில் அவருக்குக் கும்பிட வேண்டும் போலிருந்தது. பள்ளத்தில் இல்லை, நேராக நிற்கிறது. தாமோதர் கடை வாசலில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். வேனைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டுச் சென்னியப்பனுக்குக் கையாட்டினார்.

"அட, நீங்களும் ஊட்டிக்கா? மேஸ்திரி, உங்க வேலை அருமைங்க. சூடுங்கற பேச்சே இல்லை. எனக்குத்தான் காலைல காப்பி குடிக்காம வந்து தலை இடிக்குது."

"பாப்பா?" என்றார் சென்னியப்பன்.

"ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டா. வளைவு ஒத்துக்கல. இப்பத்தான் தூங்கறா, வண்டியில."

அப்போதுதான் சென்னியப்பனுக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி இரண்டும் மேலே வரைக்கும் ஏறியிருந்தன. உள்ளே மூடுபனி மாதிரி கண்ணாடியில் ஆவி படர்ந்திருந்தது.

"இன்ஜினை ஏனுங்க நிறுத்தல?"

"நிறுத்துனா மறுபடி எடுக்கத் தகராறு பண்ணும்ல? அதுவும் போக, குளிருதுன்னு சொன்னா. இன்ஜின் ஓடுனா கொஞ்சம் கதகதப்பா இருக்கட்டும்னுதான். எழுப்பாதீங்க, பாவம், அஞ்சு மணிக்கே..."

சென்னியப்பன் ஓடினார். ஐம்பத்து மூன்று வயதில் அப்படி ஓட முடியும் என்று அவருக்கே தெரியாது. கதவைத் திறந்தார். பாப்பா பள்ளிக்கூட இன்டர்வியூவுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, கையில் எலுமிச்சம்பழத்தைப் பிடித்தபடி சாய்ந்திருந்தாள். கன்னம் நன்றாகச் சிவந்து பார்க்க அழகாக இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அசைவில்லை. தூக்கினார். கழுத்து அவர் தோளில் தொங்கியது. எலுமிச்சம்பழம் உருண்டு ரோட்டில் போனது.

இந்தக் கையால் இந்தப் பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தார். வேறு எதுவும் நினைக்கத் தோன்றவில்லை.

மேஸ்திரி வண்டியை அணைத்துவிட்டு, பாப்பாவின் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தார். "மூச்சு வருது. காத்துல படுக்க வைங்க."

தாமோதர் கையில் டீ கிளாஸோடு ஓடிவந்தார். "என்னாச்சு? என்ன பண்றீங்க? எதுக்கு அவளை வெளிய...?"

சென்னியப்பன் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார். அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தார். சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும். பழைய வண்டி, கேஸ்கெட் எப்போது வேண்டுமானாலும் போகும், யாராலும் சொல்ல முடியாது. இப்படி ஒரு பேச்சு இருக்கிறதே, அதில் பொய் கூட இல்லை. மேஸ்திரி பாப்பாவின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நாந்தானுங்க" என்றார் சென்னியப்பன். "ஹீட்டர் பெட்டியக் கழட்டுன எடத்துல ஓட்டைய அடைக்காம உட்டுட்டனுங்க. மேல துணி போட்டு மூடிப்போட்டேன். இன்ஜின் புகை அதுவழியா உள்ள வந்திருக்குதுங்க. வளைவுல வந்த வாந்தி இல்லீங்க. உங்க தலைவலியும் அதுதான்."

தாமோதருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மேஸ்திரி நிறுத்த வேண்டாம்னுதான் சொன்னாங்க. நாந்தான் கேக்கல."

தாமோதர் கையை ஓங்கினார். சென்னியப்பன் முகத்தைத் திருப்பவில்லை. அடித்தால் வாங்கிக்கொள்ளத்தான் நின்றார். அந்த நேரத்தில் கீழே பாப்பா குடல் வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்தாள். தாமோதர் அப்படியே மண்டி போட்டுவிட்டார்.

"வேன்ல ஏத்துங்க" என்றார் மேஸ்திரி. "குன்னூர் ஆஸ்பத்திரி பக்கம்தான்."

தகப்பனும் பிள்ளையும் பின்னால் ஏறினார்கள். சென்னியப்பனும் ஏறப் போனார். மேஸ்திரி சிவப்பு வண்டியின் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். வேன் மேகத்துக்குள் போனது.

அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றிச் சென்னியப்பன் பின்னால் யாரிடமும் பேசவில்லை. தேநீர்க்கடைக்காரர் சால்வை கொடுத்தார், வாங்கவில்லை. டீ கொடுத்தார், ஆறிப்போனது. கீழேயிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸும் ஹாரன் அடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனது. மேலேயிருந்து இறங்கும் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார். வேன் இல்லை என்று தெரிந்ததும் உட்காருவார். வரவில்லையே என்று பயம். வந்துவிடுமோ என்று அதைவிடப் பயம். சிவப்பு வண்டியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

பன்னிரண்டு மணி வாக்கில் ஆம்னி வேன் வந்து நின்றது. மேஸ்திரி மட்டும் இறங்கினார்.

சென்னியப்பன் அவரைத் தாண்டி வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆக்ஸிஜன் வெச்சாங்க. கண்ணு முழிச்சிருச்சு. இன்டர்வியூக்கு நேரமாச்சான்னு கேட்டுச்சு."

சென்னியப்பன் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். கடைக்காரர் உள்ளே போய்விட்டார். மேஸ்திரி அழுது முடிகிற வரைக்கும் பக்கத்தில் நின்றார். பிறகு வேனிலிருந்து தகடு வெட்டும் கத்திரியையும், கடையில் கேட்டு வாங்கிய காலி எண்ணெய் டின்னையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"ஓட்டைய அடைங்க. கேஸ்கெட்டு கீழ போய்ப் பாத்துக்கலாம். கண்ணாடி ரெண்டையும் இறக்கிட்டு நீங்கதான் ஓட்டீட்டு வரணும். நான் பின்னால வர்றேன்."

சென்னியப்பன் கத்திரியை எடுத்தார். டின்னில் வைத்தார். ஒரு அங்குலம் வெட்டினார். கீழே வைத்துவிட்டார்.

"என்னால முடியலீங்க."

மேஸ்திரி டின்னை அவர் பக்கம் நகர்த்தினார்.

"பயமா இருக்குதுங்க மேஸ்திரி. இந்த வண்டின்னு இல்ல. இனி எந்த வண்டியத் தொட்டாலும் அந்தப் புள்ள கழுத்து என் தோள்ல தொங்குனதுதான் வரும். வேலையே வேண்டாம்னு போயிரலாமான்னு இருக்குது." அவர் நிமிர்ந்து பார்த்தார். "இது எப்பங்க போகும்?"

அற்புதமேரி குனிந்து கத்திரியை எடுத்து, பிடி அவர் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

"பயம் போற அன்னிக்கு எங்கிட்ட சொல்லுங்கண்ணா. பட்டறைச் சாவிய வாங்கி வெச்சுக்கறேன்."